அனுமதியும் முடிவும்: டெராஃபார்மின் பூட்டுக் கோப்பு

டெராஃபார்ம் நேரடியாக எந்தச் சர்வரையும் உருவாக்குவதில்லை. அமேசான் வெப் சர்வீசஸ், மைக்ரோசாஃப்ட் அஸூர், கூகுள் கிளவுட் ஆகியவற்றோடு பேசும் வேலை ‘புரொவைடர்’ எனப்படும் தனி நிரல்களுடையது. இத்தனை சர்வர், இன்ன நெட்வொர்க், இந்தச் சேமிப்பகம் என்று பொறியாளர் எழுதிவைக்கிறார். இருப்பதற்கும் வேண்டியதற்கும் உள்ள இடைவெளியைப் புரொவைடரின் துணையோடு டெராஃபார்ம் கணக்கிட்டு, அதை நிரப்பும் வேலையையும் அந்தப் புரொவைடரிடமே ஒப்படைக்கிறது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2014இல் டெராஃபார்மை வெளியிட்டபோது எல்லாப் புரொவைடர்களும் அதனோடு ஒரே தொகுப்பாகவே வந்தன. டெராஃபார்மின் பதிப்பு தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி. 2017இல் வந்த 0.10 பதிப்பு அவற்றைப் பிரித்து வெளியே எடுத்தது. அதன்பின் ஒவ்வொரு புரொவைடரும் தன் வேகத்தில் புதுப் பதிப்புகளை வெளியிடத் தொடங்கியது. இன்று ஓடிய அதே கட்டமைப்பு நாளை எந்தப் பதிப்போடு ஓடும் என்ற கேள்வியும் அப்போதே பிறந்தது.

அதற்கு முறையான விடை 2020 டிசம்பரில் வந்த 0.14 பதிப்பில் கிடைத்தது: சார்புப் பூட்டுக் கோப்பு. முதன்மை மாட்யூல் இருக்கும் அடைவில், ‘.டெராஃபார்ம்.லாக்.எச்சிஎல்’ என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு அது இருக்கும். புரொவைடர்களை இறக்கித் திட்டத்தைத் தயார்செய்யும் ‘டெராஃபார்ம் இனிட்’ கட்டளை அதைத் தானே எழுதித் தானே பராமரிக்கும். அதற்கு முன்பும் தேர்ந்தெடுத்த பதிப்பு ஓரிடத்தில் குறிக்கப்படத்தான் செய்தது. ஆனால் அந்தக் குறிப்பு ஒவ்வொருவர் கணினியிலும் மறைவான அடைவு ஒன்றுக்குள்ளேயே தங்கியது. குழுவில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட அது போய்ச் சேராது. ரூபி மொழியின் பண்ட்லர் 2010லேயே பூட்டுக் கோப்பை நடைமுறையாக்கிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் யார்ன் 2016இலும், என்பிஎம் 2017இலும் அதைக் கொண்டுவந்தன. தவறினால் நிஜமான தரவுத்தளம் அழியக்கூடிய உள்கட்டமைப்புத் துறைக்கு அது இத்தனை தாமதமாக வந்தது விந்தைதான்.

பூட்டுக் கோப்பின் பயனைப் புரிந்துகொள்ள, அதைப் பதிப்புக் கட்டுப்பாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டமைப்பில் எழுதப்படும் “>= 3.0” என்ற வரி ஓர் அனுமதி. மூன்றும் அதற்கு மேற்பட்டதும் ஏற்கப்படும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. “~> 3.20” என்பது சற்று இறுக்கமான அனுமதி; 3.20 முதல் 4க்கு முன்வரை எதுவும் வரலாம். “~> 3.20.0” என்றால் 3.20 வரிசையின் சிறு திருத்தங்கள் மட்டும். எவ்வளவு இறுக்கினாலும், கடைசிப் புள்ளிவரை ஒரே எண்ணைக் குறித்தாலொழிய, அனுமதிக்கப்பட்டவை பல. அந்தப் பலவற்றுள் எது உண்மையில் பயன்பட்டது என்ற முடிவைப் பதிவு செய்வது பூட்டுக் கோப்பு. மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் எண் என்பது மருந்துக்கடை பில்லில்தான் இருக்கும். பின்னால் சிக்கல் வந்தால் தேடவேண்டியது பில்லை.

முடிவைப் பதிவு செய்யாமல் அனுமதியை மட்டும் நம்பியவர்களுக்கு 2022 பிப்ரவரி நல்ல உதாரணம். அந்த மாதம் அமேசானுக்கான புரொவைடரின் 4.0 பதிப்பு வெளிவந்தது. எஸ்3 சேமிப்பகத்தின் அணுகல் உரிமை, பதிப்புப் பாதுகாப்பு, குறியாக்கம், காலாவதி விதிகள் ஆகிய எல்லாம் அதுவரை ஒரே ரிசோர்ஸ் பகுதிக்குள் எழுதப்பட்டுவந்தன. புதிய பதிப்பு அவற்றைப் படிக்க மட்டும் முடிகிற பண்புகளாக மாற்றிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ரிசோர்ஸ் எழுதச் சொன்னது. எஸ்3 இல்லாத அமேசான் திட்டம் அரிது. “>= 3.0” என்று எழுதிப் பூட்டுக் கோப்பைக் களஞ்சியத்தில் சேர்க்காத திட்டங்களில், ஒரு வரியும் மாறாமல் இருக்கும்போதே, புதிதாக இனிட் செய்த கணினியில், செய்யவிருக்கும் மாற்றங்களைக் காட்டும் பிளான் கட்டளை பிழையோடு நின்றது. எதிர்ப்பு பலமாகவே எழுந்தது. ஏப்ரலில் வந்த 4.9.0 பதிப்பு பழைய எழுத்துமுறையை, ‘விரைவில் கைவிடப்படும்’ என்ற எச்சரிக்கையோடு மீண்டும் ஏற்றுக்கொண்டது. பூட்டுக் கோப்பு வைத்திருந்தவர்கள் 3 வரிசையிலேயே நின்று, தமக்கு வசதியான நாளில் மாறிக்கொள்ள முடிந்தது.

பிழையோடு நிற்பது இந்த வகைச் சிக்கலில் நல்ல முடிவு. அதைவிடச் சங்கடமானது, பிழை எதுவும் இல்லாமல் ஸ்டேட் கோப்பு முன்னேறிவிடுவது. டெராஃபார்ம் தான் உருவாக்கிய ஒவ்வொன்றையும் ஸ்டேட் கோப்பில் குறித்துவைக்கிறது. ஒவ்வொரு ரிசோர்ஸ் வகையின் பதிவுக்கும் ஒரு வடிவ எண் உண்டு. புதிய புரொவைடர் பழைய வடிவத்தைப் படித்து உயர்த்திக்கொள்ளும். பழைய புரொவைடரால் புதிய வடிவத்தைப் படிக்க முடியாது. பூட்டுக் கோப்பு இல்லாத குழுவில் ஒருவர் புதிய பதிப்போடு, மாற்றங்களை நடைமுறைப்படுத்தும் அப்ளை கட்டளையை ஓட்டிவிட்டால், பழைய பதிப்பில் இருக்கும் மற்றவர்கள் அந்த ரிசோர்ஸைத் தொட முடியாமல் போகலாம். அது ஒருவழிப் பாதை. யாரோ ஒருவர் கணினியில் தற்செயலாக இறங்கிய பதிப்பு அனைவருக்குமான முடிவாகிவிடுகிறது.

கோப்பின் உள்ளமைப்பு எளிது. ஒவ்வொரு புரொவைடருக்கும் ஒரு பகுதி. அதன் தலைப்பில் புரொவைடர்கள் வெளியிடப்படும் கிடங்கான ரெஜிஸ்ட்ரியின் பெயர், வெளியிட்டவரின் பெயர், புரொவைடரின் பெயர் மூன்றும் சேர்ந்த முழு முகவரி. உள்ளே மூன்று செய்திகள்: தேர்ந்தெடுத்த பதிப்பு, அப்போது நடப்பில் இருந்த கட்டுப்பாடு, பொதியின் விரல்ரேகை போன்ற ஹேஷ்களின் பட்டியல். நடுவிலுள்ள கட்டுப்பாட்டு வரி மனிதர்களுக்கான குறிப்பு. இந்தத் தேர்வு எப்படி நேர்ந்தது என்பதை அது விளக்கும், அவ்வளவுதான். முடிவைச் சுமப்பவை மற்ற இரண்டும்.

பூட்டுக் கோப்பே இல்லாத இடத்தில் இனிட் ஓடினால், கட்டுப்பாடு அனுமதிக்கும் பதிப்புகளில் மிகப் புதியதை எடுத்துக் கோப்பில் எழுதும். கோப்பு இருந்தால், புதிய பதிப்பு எத்தனை வந்திருந்தாலும் எழுதியிருப்பதையே மறுபடி எடுக்கும். கட்டுப்பாடு மாறி, பூட்டியுள்ள பதிப்பு அதற்குள் அடங்காமல் போனால் பிழை சொல்லி நிற்குமே தவிர, தானாக வேறு பதிப்புக்குத் தாவாது. தாவ வேண்டுமென்றால் இனிட் கட்டளையோடு ‘அப்கிரேடு’ தெரிவைச் சேர்க்க வேண்டும். இந்தத் தெரிவு ஒரு புரொவைடரை மட்டும் உயர்த்தாது. எல்லாவற்றையும், கூடவே மாட்யூல்களையும் உயர்த்திவிடும். இதை ஒரு குறை என்றே சொல்லலாம். ஒன்றை மட்டும் உயர்த்த விரும்புகிறவர்கள் அதன் பகுதியைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு வெறும் இனிட் ஓட்டுவது வழக்கம். வேலை நடக்கும். ஆனால் பழைய ஹேஷ்களும் அந்தப் பகுதியோடு போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது.

நடைமுறையில் மிகுந்த குழப்பத்தைத் தருவது ஹேஷ் பட்டியல்தான். அதில் இரண்டு வகை ஹேஷ்கள் கலந்து நிற்கும். ‘இசட்எச்’ என்று தொடங்குபவை, புரொவைடர் வெளியிடப்பட்ட ஜிப் பொதியின் எஸ்எச்ஏ-256 மதிப்புகள். ரெஜிஸ்ட்ரி தரும் கையொப்பமிட்ட பட்டியலில் லினக்ஸ், மேக், விண்டோஸ் என எல்லா இயங்குதளப் பொதிகளின் மதிப்புகளும் இருப்பதால், ஒரே இனிட்டில் அத்தனையும் கோப்பில் வந்து சேரும். ‘எச்1’ என்று தொடங்குவது வேறு வகை. அது ஜிப் பொதியைக் கணக்கில் கொள்ளாமல், விரித்த பின் உள்ளே இருக்கும் கோப்புகளின் உள்ளடக்கத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. கோ மொழி தன் மாட்யூல்களுக்குப் பயன்படுத்தும் முறையும் இதுவே. விரித்துப் பார்த்தால்தான் கணக்கிட முடியும் என்பதால், இனிட் ஓடிய கணினியின் இயங்குதளத்துக்கு மட்டுமே எச்1 கிடைக்கும்.

இந்த வேறுபாடு ரெஜிஸ்ட்ரியிலிருந்து நேரடியாக இறக்கும்வரை வெளியே தெரியாது. பொறியாளர் மேக்கில் கோப்பை உருவாக்கியிருந்தாலும், லினக்ஸில் ஓடும் சிஐ பைப்லைன் ஜிப் பொதியை இறக்கி இசட்எச் மதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளும். இடையில் உள்ளூர் மிரரோ பகிர்ந்த கேஷ் அடைவோ வந்தால் நிலைமை மாறும். நிறுவனத்தின் மிரர் வழியாக இறக்கும்போது மூல ரெஜிஸ்ட்ரியின் கையொப்பமிட்ட பட்டியல் கிடைப்பதில்லை. அந்தக் கணினிக்கான எச்1 மட்டும் பதிவாகும். அதே கோப்பு லினக்ஸ் பைப்லைனுக்குப் போனவுடன், பதிவாகியுள்ள எந்த ஹேஷோடும் பொதி ஒத்துப்போகவில்லை என்ற பிழை வரும். முதல் தடவை அதைப் பார்ப்பவருக்கு, யாரோ பொதியைத் திருத்திவிட்டார்கள் என்று திக்கென்றிருக்கும். பெரும்பாலும் நடந்திருப்பது, தேவையான இயங்குதளத்தின் ஹேஷ் கோப்பில் சேராமல் போனதுதான்.

இதற்கு மருந்து ‘டெராஃபார்ம் புரொவைடர்ஸ் லாக்’ என்ற தனிக் கட்டளை. எந்தெந்த இயங்குதளங்களில் திட்டம் ஓடுமோ அவற்றையெல்லாம் ‘பிளாட்ஃபார்ம்’ தெரிவில் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் உரிய பொதியை இறக்கி, இரு வகை ஹேஷ்களையும் கணக்கிட்டுக் கோப்பில் சேர்க்கும். அமேசான் புரொவைடர் விரித்தால் பல நூறு மெகாபைட் வரும் என்பதால், மூன்று நான்கு இயங்குதளங்களைச் சொன்னால் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருப்பது ஒருவர், ஒரு தடவை. அதைத் தவிர்த்தால் குழு முழுவதும் அவ்வப்போது தடுமாறும்.

ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் எம்1 சில்லுக் கணினிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த மாதம் பூட்டுக் கோப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு தலைவலியை உண்டாக்கின. புதிய மேக்குகளுக்கு வேறு செயலி வகைக்காக உருவாக்கிய பொதி வேண்டும். பழைய புரொவைடர் பதிப்புகள் பலவற்றுக்கு அப்படி ஒரு பொதியே கிடையாது. பராமரிப்பு நின்றுபோன ‘டெம்ப்ளேட்’ புரொவைடர் இதில் பேர்போனது. எந்தப் பூட்டுக் கோப்பு வித்தையாலும் இல்லாத பொதிக்கு ஹேஷ் எழுத முடியாது. அந்தப் புரொவைடரை விட்டுவிட்டு, டெராஃபார்மிலேயே 0.12 முதல் உள்ள ‘டெம்ப்ளேட்ஃபைல்’ செயற்கூறுக்கு மாறுவதுதான் வழி.

கேஷ் அடைவைப் பற்றி இன்னொன்று. 2023இல் வந்த 1.4 பதிப்பு வரை, கேஷில் பொதி இருந்தால் டெராஃபார்ம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அரைகுறை ஹேஷோடு கோப்பை எழுதிவிடும். 1.4 அதை மாற்றியது. பூட்டுக் கோப்பில் அந்தப் பொதிக்குரிய ஹேஷ் ஏற்கெனவே இருந்தால் மட்டுமே கேஷ் பயன்படும். இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரியிலிருந்து மறுபடி இறக்கும். பூட்டுக் கோப்பைக் களஞ்சியத்தில் சேர்க்காமல் கேஷை மட்டும் நம்பியிருந்த பைப்லைன்கள் அந்தப் பதிப்புக்கு மாறியதும் மந்தமானதற்குக் காரணம் இதுதான். பழைய நடத்தையைத் திரும்பப் பெற ஓர் அமைப்பு தரப்பட்டுள்ளது. பூட்டுக் கோப்பை உடைக்கக்கூடும் என்பதை அந்த அமைப்பின் பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஹேஷ் எதற்கு, கையொப்பம் போதாதா என்ற கேள்வி நியாயமானது. ரெஜிஸ்ட்ரியிலிருந்து வரும் பட்டியல் ஜிபிஜி திறவுகோலால் கையொப்பமிடப்பட்டது. இனிட் அதைச் சரிபார்க்கவும் செய்கிறது. விடை 2021இல் கிடைத்தது. நிரல் சோதனைகளின் அளவைக் கணக்கிடும் கோட்கவ் என்ற சேவையின் ஸ்கிரிப்ட் ஒன்றை ஊடுருவிகள் அந்த ஆண்டு ஜனவரி இறுதியிலிருந்து திருத்தி வைத்திருந்தனர். அதைத் தம் சிஐயில் ஓட்டிய நிறுவனங்களின் இரகசியங்கள் வெளியே கசிந்தன. அவற்றுள் ஹாஷிகார்ப் தன் வெளியீடுகளைக் கையொப்பமிடப் பயன்படுத்திய ஜிபிஜி தனித் திறவுகோலும் ஒன்று. அது தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்குச் சான்று இல்லை என்று ஏப்ரலில் அறிவித்த நிறுவனம், திறவுகோலை மாற்றி, 0.11 முதல் 0.15 வரை ஒவ்வொரு வரிசைக்கும் புதிய டெராஃபார்ம் வெளியீடு கொடுத்தது.

திறவுகோல் பிறர் கையில் இருந்த அந்த வாரங்களில் கையொப்பம் என்ற சோதனைக்குத் தனியாக மதிப்பில்லை. திருத்திய பொதிக்கும் செல்லத்தக்க கையொப்பம் இட முடியும். ஆனால் அதற்கு முன்பே ஹேஷ் பதிவான பூட்டுக் கோப்பு வைத்திருந்த திட்டத்தில், அதே பதிப்பு எண்ணில் வேறு பொதி வந்தால் இனிட் ஏற்காது. கையொப்பம் ‘யார் தந்தது’ என்று சொல்கிறது. ஹேஷ் ‘அன்று வந்ததேதானா’ என்று சொல்கிறது. இதன் எல்லையும் வெளிப்படையானது. முதல் தடவை வந்த பொதியை நம்பித்தான் ஆக வேண்டும். முதலில் வந்ததே கெட்டதாக இருந்தால் பூட்டுக் கோப்பு அந்தக் கெட்டதையே விசுவாசமாகக் காக்கும்.

இவ்வளவு வேலை செய்யும் கோப்பு கிட் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனாலும் அது அடிக்கடி விடுபட்டுப்போகிறது. புரொவைடர்கள் இறங்கும் ‘.டெராஃபார்ம்’ அடைவைக் கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பது சரி. அதற்காகப் பெயரின் முடிவில் நட்சத்திரக் குறி போட்டு எழுதினால், அதே எழுத்துகளில் தொடங்கும் பூட்டுக் கோப்பும் சேர்ந்து மறைந்துவிடும். புதிய திட்டத்தில் முதலில் பார்க்க வேண்டிய வரி அது.

ஒரு களஞ்சியத்தில் பல முதன்மை மாட்யூல்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டுக் கோப்பு. பிற திட்டங்கள் எடுத்தாளும் பொது மாட்யூல்களின் கதை வேறு. அவற்றோடு வரும் பூட்டுக் கோப்பை, அவற்றை அழைக்கும் திட்டம் பார்ப்பதே இல்லை. ஆகவே அங்கே வேலை செய்வது கட்டுப்பாடு மட்டும். பொது மாட்யூலில் “>=” என்று குறைந்தபட்சப் பதிப்பை மட்டும் சொல்லிவிட்டு, மேல்வரம்பை முதன்மை மாட்யூலில் “~>” கொண்டு வைப்பதே பொருத்தம். ஒவ்வொரு பொது மாட்யூலும் துல்லியமான எண்ணைப் பிடித்துக்கொண்டால், இரண்டு மாட்யூல்களை ஒரே திட்டத்தில் சேர்ப்பதே முடியாமல் போகும்.

சிஐ பைப்லைனில் இனிட் ஓடும்போது ‘லாக்ஃபைல்’ தெரிவை ‘ரீட்ஒன்லி’ என்று வைப்பது நல்லது. புரொவைடர் தேர்வில் மாற்றம் தேவைப்பட்டால் அப்போது இனிட் பிழையோடு நிற்கும்; ஹேஷ் மட்டும் கூடுதலாகத் தெரியவந்தால் எச்சரித்துவிட்டு மேலே போகும். பதிப்பை மாற்றுவது மனிதர் பார்த்து ஒப்புக்கொள்ளும் தனி மாற்றமாக இருக்க வேண்டும். புதிய ரிசோர்ஸ் சேர்க்கும் புல் ரிக்வெஸ்டுக்குள் புரொவைடர் உயர்வும் கலந்து வந்தால், பிளானில் தெரியும் மாற்றங்களில் எது எதனால் என்று பிரித்தறிய முடியாது. டிபெண்டபாட், ரெனவேட் போன்ற கருவிகள் இந்த உயர்வைத் தனி வேண்டுகோளாக எழுப்பித் தருகின்றன. அதற்காகப் பிளானைப் படிக்காமல் ஒப்புதல் தரலாகாது. பயன்பாட்டு நிரலின் உயர்வைச் சோதனைத் தொகுப்பு தாங்கிப் பிடிக்கும், இங்கே பல குழுக்களுக்குப் பிளான் ஒன்றுதான் சோதனை.

புல் ரிக்வெஸ்டில் பூட்டுக் கோப்பின் வேறுபாட்டைப் பலர் உருட்டிக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அதைப் படிப்பது கடினமில்லை. பதிப்பு எண்ணும் ஹேஷ்களும் சேர்ந்து மாறியிருந்தால் அது வழக்கமான உயர்வு. எண் மாறாமல் ஹேஷ்கள் கூடியிருந்தால் புதிய இயங்குதளம் சேர்ந்திருக்கிறது. எண் மாறாமல் பழைய ஹேஷ்கள் போய்ப் புதியவை வந்திருந்தால் மட்டும் நிறுத்தி விசாரிக்க வேண்டும். கோப்பை அழித்து மறுபடி எழுதியதால்கூட அப்படி நேரலாம், ஆனால் காரணம் தெரியாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. இரண்டு கிளைகள் ஒரே நேரத்தில் உயர்த்தி மெர்ஜ் முரண் வந்தால், ஹேஷ் வரிகளைக் கையால் கோக்க முயல்வது வீண்வேலை. ஒரு கிளையின் கோப்பை எடுத்துக்கொண்டு கட்டளையை மறுபடி ஓட்டுவது போதும்.

பூட்டுக் கோப்பு பூட்டாதவையும் உண்டு, முதலாவது மாட்யூல்கள். வெளியிலிருந்து வரும் மாட்யூல்களின் பதிப்பையோ ஹேஷையோ அது பதிவதில்லை. ரெஜிஸ்ட்ரி மாட்யூலுக்குக் கட்டுப்பாட்டை மட்டும் கொடுத்தால், புதிய கணினியில் ஓடும் ஒவ்வொரு இனிட்டும் அனுமதிக்குள் மிகப் புதியதை எடுத்துவரும். எனவே மாட்யூல்களுக்குத் துல்லியமான எண்ணையே எழுத வேண்டியிருக்கிறது. கிட்டிலிருந்து நேரடியாக எடுக்கும்போது டேக் பெயரைக் குறிப்பது பரவலான பழக்கம். டேக் நகர்த்தக்கூடியது. 2025 மார்ச்சில் கிட்ஹப்பில் பலர் பயன்படுத்திய ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்’ கருவி ஒன்றின் டேக்குகளை ஊடுருவிகள் தீய கமிட் ஒன்றின் மேல் நகர்த்திவைத்தனர். அதை ஓட்டிய பைப்லைன்களின் இரகசியங்கள் ஓட்டப் பதிவில் அச்சாகிக் கிடந்தன. அது டெராஃபார்ம் மாட்யூல் இல்லை என்றாலும் பொறிமுறை அதேதான். கமிட்டின் முழு ஹேஷைக் குறித்தால் இந்த வழி அடைபடும்.

இரண்டாவது, டெராஃபார்மின் சொந்தப் பதிப்பு. அதற்குக் கட்டமைப்பில் ‘ரிக்வயர்டு வெர்ஷன்’ வரி உண்டு. டிஎஃப்என்வ் போன்ற கருவிகள் படிக்கும் தனிச் சிறு கோப்பும் உண்டு. இரண்டும் எண்ணைத்தான் சொல்லும், ஹேஷைச் சொல்லாது.

பிற கருவிகளில் இந்தப் பொறுப்பு வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. புலுமி சாதாரண நிரல்மொழிகளில் எழுதப்படுவதால், அந்தந்த மொழியின் பூட்டுக் கோப்பே பெரும்பாலும் போதுமானது. குபர்நெட்டீஸுக்கான ஹெல்ம், சார்ட்டுகளின் சார்புகளைத் தனிப் பூட்டுக் கோப்பில் குறிக்கிறது. ஆன்சிபிளின் கேலக்ஸியில் தேவைப் பட்டியல் உண்டு, பூட்டுக் கோப்பு கிடையாது. எண்களைக் கையால் இறுக்கி எழுதுவதுதான் அங்கே வழக்கம்.

2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெராஃபார்மின் உரிமத்தை மாற்றியதும், அதன் கடைசித் திறமூல நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்தது. லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2024 ஜனவரியில் அதன் 1.6 பதிப்பு வெளியானது. கோப்பின் பெயரையும் வடிவத்தையும் ஓப்பன்டோஃபு அப்படியே வைத்துக்கொண்டது. ரெஜிஸ்ட்ரி மட்டும் வேறு. கட்டமைப்பில் ரெஜிஸ்ட்ரி பெயரைச் சொல்லாமல் விட்ட திட்டம் மாறும்போது, பகுதித் தலைப்புகளில் முகவரியும் அதோடு ஹேஷ்களும் புதிதாக எழுதப்படும். பதிப்பு எண் மாறாமல் ஹேஷ் பட்டியல் முழுவதும் மாறுவதற்கு விளக்கம் கேட்கத் தேவையில்லாத சந்தர்ப்பம் இது ஒன்று. அப்போதும் மாற்றத்துக்கு முன் இருந்த எண்களே பின்னும் இருக்கின்றனவா என்று வரிவரியாக ஒப்பிட்டுவிட்டுத்தான் அப்ளை ஓட்ட வேண்டும்.